பேசும் படமும் பாடும் விளக்கும்

1952-ம் ஆண்டில் அமெரிக்காவின் எம்.ஜி.எம். கம்பெனியார் வெளியிட்ட ‘சிங்கிங் இன் தி ரெயின்’ என்னும் படம், ஊமைப்படம் பேசும் படமாக மாறிய 1927-ம் ஆண்டின் கதையைக் கூறுவதாகும். ஜீன் கெல்லியும் ஸ்டான்லி டோனனும் இயக்கிய இப்படம் நகைச்சுவையில் சிறந்ததென்பதில் நமக்கு ஐயமில்லை. எனினும், பலர் இதனை வரலாறாகவே கொள்வதால், அவ்வகையில் சிறிது ஆராய்வோம்.

இப்படம் காட்டும் ஒலிப்பதிவுத் தொல்லைகள் யாவை? செடியில் மறைத்த மைக், நடிகை தலையைத் திருப்பியதும் அவள் குரலை இழக்கிறது. ஆடையில் வைத்தாலோ நெஞ்சுத் துடிப்பைப் பிடிக்கிறது. முத்துமாலையின் உராய்வு பெருமுழக்கமாகிறது. முடிவில், கீச்சுக்குரல் படைத்த லீனா லாமாண்ட் என்னும் ஒருத்தியின் தலையிலேயே பழி விழுகிறது. கொட்டகை முழுதும் சிரிக்கிறது. கதைக்கு ஒரு கோமாளி வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தலைக்குமேல் எரிந்த விளக்குகளின் இரைச்சலுக்குக் கதையில் இடமில்லாமற் போனது ஒரு குறையே.

உண்மை யாதெனில், ஊமைப்படக் காலத்து ஸ்டூடியோக்களில் பெரும்பாலும் எரிந்தவை கரி ஆர்க் விளக்குகள். இரு கரிக்கோல்களின் இடைவெளியில் மின்சாரம் பாய்ந்து ஒளிதரும். டைனமோவினின்று வரும் மின்சாரம் ஒரே திசையிற் பாயினும் முற்றும் சீரானதன்று; அதிற் சிற்றலைகள் உண்டு. அவற்றிற்கேற்பச் சுடரின் சூடு ஏறியிறங்க, காற்று விரிந்து சுருங்கி முரலும். இங்கிலாந்தில் வில்லியம் டட்டெல், 1900-ம் ஆண்டையொட்டி, இதே ஆர்க்கைக் கொண்டு இசையும் எழுப்பிக் காட்டினார். ஊமைப்படத்தில் இம்முரலைப் பொருட்படுத்துவாரில்லை. மைக் வந்ததும் அது பெருந்தொல்லையாயிற்று.

1928-ல் ஹாலிவுட் அகாடமியாரும் ஒளிப்பதிவாளர்களும் கூடி, வார்னர் ஸ்டூடியோவில் டங்ஸ்டன் பல்புகளைச் சோதித்தனர். அவை ஆர்க்கைப்போல் இரைவதில்லை. அவற்றின் ஒளியிற் சிவப்பு மிகுதி. சிவப்பையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிம் இருந்தமையால் அம்மாற்றம் கைகூடிற்று. பின்னர் 1935-ல் ‘பெக்கி ஷார்ப்’ முதலிய மூவர்ண டெக்னிகலர் படங்கள் பேரொளியை வேண்டவே, ஆர்க் மீண்டும் வந்தது. இம்முறை அதனை அடக்கவும் வழியிருந்தது. இரும்பின்மேற் செப்புக்கம்பி சுற்றிய ‘சோக்’ சுருளை மின்வழியில் இணைத்தனர். சீரான மின்சாரத்தை அது தடுப்பதில்லை. ஏற்றத்தாழ்வை மட்டும் எதிர்த்து நிற்கும். அலை தணியவே முரலும் தணிந்தது.

இதில் நாம் கொள்ளவேண்டிய கருத்தொன்றுண்டு. எவர் குரலையும் பழித்து அவ்விரைச்சல் நீங்கவில்லை. காரணத்தைத் தேடி, அது பிறக்குமிடத்திலேயே தடுத்தமையால் நீங்கிற்று. நம் சமுதாயத்திலோ, கேடு வந்தால் காரணம் தேடாது, எதிரில் நிற்கும் எளியவரை, அதிலும் பெண்ணை, ஏசுவதே வழக்கமாயிருக்கிறது. சாரத்தின்மேல் ஏறி வெப்பத்தில் வெந்து விளக்கெரித்த தொழிலாளரையும், கம்பி சுற்றிய கைகளையும் எந்தப் படமும் பாடுவதில்லை. டெக்னிகலர் வண்ணத்தில் மிளிரும் இப்படமேனும் அவர்களுக்கு ஒரு காட்சி அளித்திருக்கலாம். நேயர்கள் இதனைக் கண்டு மகிழ்க. மகிழும்போது, திரைக்குள் வராத அவர்களையும் நினைக்க.