தவறணைக்காரியும் தலைமையாசிரியர் மனைவியும்

எண்பதுகளில் கலஹாப் பக்கத்துத் தோட்டங்களில் 'டெக்' போடுவது ஒரு சின்னத் திருவிழா. வீட்டுக்கு வீடு காசு சேர்த்து, கண்டி டவுனில் டீவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து வந்து, லயத்து இஸ்தோப்பில் வைத்து விடியவிடிய மூன்று படம் ஓட்டுவார்கள். சிலுக்குப் பாட்டு வந்ததும் பெரியவர் ஒருவர் எழுந்துபோய் பட்டனை அழுத்தி ஓட்டிவிடுவார். பின்னாலிருந்து இளவட்டம், "மாமா, திருப்பிப் போடுங்க" என்று கத்தும். ஆகவே எங்களுக்குச் சிலுக்கு ஸ்மிதா என்றால், வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே விறுவிறுவென்று ஓடிமறையும் ஓர் உருவம்.

அவரைப் பற்றி எழுதப்பட்டவற்றில் பெரும்பகுதியும் இந்தப் பட்டனைத்தான் அழுத்துகிறது என்பது என் எண்ணம். பிறப்பு ஆந்திரத்து ஏலூர்ப் பக்கம், இயற்பெயர் விஜயலட்சுமி, 1996 செப்டம்பர் 23 அன்று சென்னையில் மரணம். இரண்டுக்கும் நடுவே கவர்ச்சி என்ற ஒற்றைச் சொல். மரணத்தைப் பற்றிய ஊகங்களுக்குக் கிடைத்த பக்கங்கள் நடிப்புக்குக் கிடைக்கவில்லை.

'வண்டிச்சக்கரம்' 1980இல் வந்தது. வினு சக்கரவர்த்தி எழுதிய கதையில் சாராயக் கடைப் பெண்ணின் பெயர் சிலுக்கு. நம் ஊர்ப் பேச்சில் தவறணைக்காரி. பாத்திரத்தின் பெயர் நடிகைமேல் ஒட்டிக்கொண்டது, பிறகு உரியவே இல்லை. 1982இல் 'மூன்றாம் பிறை'. கித்துள்கலயில் டேவிட் லீன் படம் பிடித்ததைச் சிறுவனாகப் பார்த்துச் சினிமா ஆசை கொண்ட மட்டக்களப்புக்காரர் பாலுமகேந்திராவின் படம் அது. தலைமையாசிரியரின் இளம் மனைவி சிலுக்கு. 'பொன்மேனி உருகுதே' எல்லாருக்கும் தெரியும். அந்தக் கனவுப் பாட்டுக்கு முன்னும் பின்னும், வயதான கணவரோடு ஒரே வீட்டில் புழுங்கும் பெண்ணின் பார்வை ஒன்று இருக்கிறது. அதைத்தான் நான் தேடிப் பார்க்கச் சொல்வேன்.

சிலுக்கு நடித்தது நீலப்படம் அல்ல. இலங்கையில் அப்படியொரு தொழில் வெளிப்படையாக நடக்கவும் முடியாது. 1927ஆம் ஆண்டின் ஆபாச வெளியீடுகள் கட்டளைச் சட்டம் இன்னும் கையில் இருக்கிறது. சிங்களச் சினிமாவில் தொண்ணூறுகளின் பின்பாதியில் எழுந்த 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' அலைகூடத் தணிக்கையோடு மல்லுக்கட்டியே ஓடியது. பிரான்ஸ் வேறு வழி எடுத்தது. 1975 முடிவில் அங்கே அத்தகைய படங்களுக்கு 'எக்ஸ்' முத்திரை குத்தி, கூடுதல் வரி போட்டு, தனித் தியேட்டருக்குள் அடைத்தார்கள். மறு ஆண்டு அந்தத் துறைக்குள் வந்த பிரிஜித் லாயே 1980 வாக்கில் வெளியேறினார். ழான் ரோலனின் பேய்ப்படங்களில் நடித்தார். 2001இலிருந்து பதினைந்து ஆண்டுகள் ஆர்எம்சி வானொலியில் காதல், தாம்பத்தியம் பற்றி நேயர்களோடு பேசினார். உடம்பைப் பார்த்த நாடே பிறகு அவரிடம் யோசனை கேட்டது!

சட்டம் தளர்ந்திருந்ததால்தான் அது நடந்தது என்று சொல்லிவிட முடியாது. ஷகிலாவைப் பாருங்கள். 1995இல் 'ப்ளே கேர்ள்ஸ்' படத்தில் சிலுக்கோடு அறிமுகமானவர். 2000இல் 'கின்னாரத்தும்பிகள்' கேரளத்தில் ஓடிய ஓட்டத்தில், பெரிய நடிகர்களின் படங்களுக்கே அவர் பெயர் போட்டியானது. 2013இல் மலையாளத்தில் தன் கதையைத் தானே சொன்னார். சில ஆண்டுகள் கழித்து 'குக்கு வித் கோமாளி' டீவி நிகழ்ச்சியில் சமைக்க வந்தபோது கூட நின்ற பிள்ளைகள் அவரை அம்மா என்றார்கள். பேராதனையில் எனக்குத் தெரிந்த வீடொன்றில், அவர் படப் போஸ்டரைக் கண்டால் முகம் திருப்பிய அதே அம்மா, அந்த நிகழ்ச்சிக்காக அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

சிலுக்கு முப்பத்தைந்து வயதில் போய்விட்டார். தன் கதையை எழுதவில்லை; 2011இல் அவர் வாழ்க்கையின் சாயலில் 'டர்ட்டி பிக்சர்' படம் வந்தபோது அதற்குத் தேசிய விருது பெற்றவர் வித்யா பாலன்.

ஓர் இரவு 'அலைகள் ஓய்வதில்லை' கசெட் வந்தது. 1981 படம். அதில் சிலுக்கு நாயகியின் அண்ணி. குடும்பப் பெண், ஆட்டம் கிடையாது. பட்டனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் கடைசிவரை கை நீட்டவில்லை. படம் முடிந்து சீலையை உதறிக்கொண்டு எழுந்த பாட்டி கேட்டாள்: "அந்த அண்ணிக்காரியா நடிச்ச புள்ள யாருடா? நல்லா செஞ்சிருக்கு."

யாரும் பெயரைச் சொல்லவில்லை.