நிமிர்ந்து நின்ற வேலி

சாங்கி விமான நிலையத்தை விட்டு நகருக்குள் போகும் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்வேயில் மழைமரங்கள் கவிந்து நிற்கின்றன. தமிழ்நாட்டார் தூங்குமூஞ்சி என்கிற மரம். பொழுது சாய்ந்தால் இலை மடிக்கும், மழை இருட்டினாலும் மடிக்கும். 1876இல் சிங்கப்பூருக்கு வந்த இந்த அமெரிக்க மரம் இன்று அந்த நகரத்தின் முகமாகிவிட்டது. கட்டடம் ஒன்றுகூடக் கண்ணில் படுமுன் நிழல் வந்து என்னை வரவேற்றது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை வெயிலில் வளர்ந்தவனுக்கு அதைவிட மரியாதையான வரவேற்பு வேறு இல்லை.

எங்கள் ஊருக்கு அந்த நகரத்தோடு ஓர் உறவும் உண்டு. சிங்கப்பூரின் முதல் வெளியுறவு அமைச்சர் எஸ். ராஜரத்தினம் 1915இல் பிறந்தது வட்டுக்கோட்டையில். கைக்குழந்தையாகவே மலாயாவுக்குப் போனவர், 1966இல் சிங்கப்பூரின் தேசிய உறுதிமொழியை வரைந்தார். அவருடைய தோழர், பிரதமர் லீ குவான் யூ 1963இல் ஒரு மெம்பாட் கன்றை நட்டு மரநடுகை இயக்கத்தைத் தொடங்கினார். 1967இல் 'பூங்கா நகரம்' என்று அதற்குப் பெயரும் வைத்தாயிற்று. வேலையும் வீடும் இல்லாமல் சனம் தவித்த காலம் அது. அந்த நெருக்கடியிலும் மரத்தைப் பிந்திப் பார்க்கலாம் என்று ஒதுக்கிவிடவில்லை. இன்று ஐம்பது வயது மரத்துக்குக் கீழே நடக்கிறார்கள்.

நான் மூன்று தரம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்த கட்டடம் ஹொங் லிம் பூங்காவுக்கு எதிரே உள்ள பார்க்ரோயல் ஹோட்டல். வோஹா என்ற சிங்கப்பூர்க் கட்டடக்கலை நிறுவனத்தின் வடிவமைப்பு, திறந்தது 2013இல். கீழ்ப்பகுதி முழுக்க கொங்கிரீட்டை அலை அலையாக, மழைநீர் அரித்த மண்மேடு போல அடுக்கியிருக்கிறார்கள். மேலே நாலு மாடிக்கு ஒரு தோட்டம் வெளியே நீண்டு நிற்கிறது. அதில் பனைவகைகளும் பெருமரங்களும், விளிம்பிலிருந்து தொங்கும் கொடிகளும். தோட்டம், குளம், பச்சைச் சுவர் எல்லாம் சேர்ந்து பதினையாயிரம் சதுர மீட்டர், அதாவது கட்டடம் நிற்கும் காணியின் இரண்டு மடங்குக்கும் மேல். எடுத்த நிலத்தை இரட்டிப்பாகத் திருப்பிக் கொடுத்த கட்டடம். அறைகளுக்குப் போகும் நடைகளுக்குக் குளிரூட்டி இல்லை. திறந்த காற்று வருகிறது, இலை அசைகிறது.

அந்தத் தோட்டங்களுக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று விசாரித்தபோதுதான் எனக்கு நெஞ்சு நிறைந்தது. மேல்மாடிகளில் விழும் மழையைப் பிடித்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடும் அதன் இயல்பாலேயே கீழ்த் தோட்டங்களுக்கு விடுகிறார்கள். போதாததற்குத்தான் சுத்திகரித்த நீர். எங்கள் வளவின் கிணற்றடி அந்த இடத்திலேயே கண்முன் வந்தது. அப்பாச்சி துலாவில் அள்ளிக் குளித்த தண்ணீர் சின்ன வாய்க்காலால் முதலில் வாழைக்குப் போகும், வாழை குடித்த மிச்சம் தேசிக்கு, அதற்கும் மிஞ்சினால் தென்னைக்கு. ஒரு சொட்டுக்கு மூன்று வேலை. வற்றாத ஆறு இல்லாத, மாரி மழையை நம்பிய குடாநாட்டில் அது கட்டாயம். ஆண்டு முழுக்க மழை பெய்யும் தீவில் அதே ஒழுங்கை ஒரு ஹோட்டலின் உடம்புக்குள் வைத்துக் கட்டியவர்களை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது.

அதே நிறுவனத்தின் இன்னொரு கட்டடம் ஒயாசியா, 2016இல் எழுந்தது. 27 மாடி, உடம்பெல்லாம் சிவப்பு அலுமினிய வலை. அந்த வலையைப் பற்றிக்கொண்டு இருபத்தொரு வகைக் கொடிகள் ஏறுகின்றன. சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலை எறிந்துகொண்டிருக்க, இது மட்டும் அதை உறிஞ்சிக்கொண்டு நிற்கிறது. வீதியில் நின்று அண்ணாந்து பார்த்தேன். எங்கள் வேலிதான். கதியாலில் முசுட்டையும் குறிஞ்சாவும் பின்னிக் கிடக்கிற வேலியைத் தூக்கி வானத்துக்கு நேரே நிறுத்திவிட்டார்கள்.

மரீனா விரிகுடாப் பூங்காவின் 'சூப்பர்ட்ரீ'களையும் பார்த்தேன். இரவு வெளிச்சத்தில் வடிவுதான், பிள்ளைகள் கைதட்டினார்கள். ஆனால் இரும்பில் செய்த மரத்தை நான் ஒரு தரம்தான் பார்ப்பேன். தாவரவியல் பூங்காவில் வேலி போட்டுக் காக்கிற கிழட்டுத் தெம்புசு மரத்தின் தாழ்ந்த கிளையைப் பார்த்தபடி ஒரு பின்னேரம் முழுக்க இருந்தேன். ஐந்து டொலர்த் தாளில் அச்சடித்திருக்கிறார்களே, அதே மரம்.

பழைய கடைவீதிகளில் கடைக்கு முன்னால் கூரை போட்ட நடைபாதை தொடர்ந்து ஓடுகிறது. நவீன சிங்கப்பூரை நிறுவிய ராஃபிள்ஸ் 1822இல் விதித்த ஒழுங்கு. ஐந்தடி அகலம் என்பதால் அங்குள்ள தமிழர் 'அஞ்சடி' என்பார்கள். மழையிலும் வெயிலிலும் நடப்பவன் தலை நனையாது, காயாது. அரசாங்கத் தொடர்மாடிகளின் தரைத்தளத்தையும் பெரும்பாலும் வெறுமையாகத் திறந்துவிட்டிருக்கிறார்கள். அங்கே கிழவர்கள் சதுரங்கம் ஆடுகிறார்கள், மலாய்க் கலியாணம் நடக்கிறது, செத்தவீடும் நடக்கிறது. வீட்டின் ஒரு பங்கைத் தெருவுக்கு விட்டுக்கொடுக்கிற இந்த மனம் எனக்குப் புதிதல்ல. எங்கள் பழைய வீடுகளின் சங்கடப்படலையில் கூரை இருக்கும், குந்தி இருக்கத் திண்ணை இருக்கும், வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப் பானை இருக்கும். பருத்தித்துறைத் தெருமூடி மடத்தில் வீதியே மடத்துக்குள்ளால் போகிறது.

ஊருக்குத் திரும்பி வந்தது ஐப்பசியில். சின்னம்மா வீட்டில் மூன்று பக்கமும் மதில் எழும்பி முடிந்திருந்தது. முற்றத்து மணலை மூடிச் சீமெந்துக் கல் பதித்திருந்தார்கள். வேலிப் பூவரசுகள் போய்விட்டன. அந்தப் பூவரசங்குழை ஒரு காலம் தோட்டத்துக்குப் பசளையாகப் போனது. மத்தியானம் கல் கொதித்தது. விறாந்தைக்குள்ளும் இருக்க முடியவில்லை.

"இலை கொட்டுது தம்பி. கூட்டிப் பெருக்க எனக்கு ஏலாது. பிள்ளைகளும் எல்லாம் வெளியில."

அவ சொன்னது உண்மை. எழுபது வயது, தனி ஆள். சிங்கப்பூரில் இலை கூட்டச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. இங்கே விளக்குமாறு பிடிக்கிற கைகள் கனடாவுக்கும் லண்டனுக்கும் போய்விட்டன. நான் அவவோடு வாதாடவில்லை. நாலாவது பக்கத்துக்கு, கிணற்றடிப் பக்கத்துக்கு, மதில் வேண்டாம் என்று மட்டும் கெஞ்சிக் கேட்டேன். இலை விழுந்தாலும் வாழைக்கடியில்தான் விழும், கூட்ட வேண்டியதில்லை என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, உன்ர விருப்பம்" என்றா.

அயல் வளவில் பூவரசு வெட்டி வந்து பதினொரு கதியால் போட்டோம். மூன்றாவது கொஞ்சம் வளைந்தது, தூக்கி எறியச் சொன்னா. நான் விடவில்லை. கார்த்திகை மழைக்கு முதலில் துளிர்த்தது அதுதான்.