‘நாம்’ எப்போது ‘நாங்கள்’ ஆனது?

முதலாம் ஆண்டு மாணவிகளுக்குத் தன்மைப் பன்மை நடத்தும்போது எப்போதும் ஒரே உதாரணத்தைத்தான் சொல்வேன். ‘நாம் சாப்பிடலாம்’ என்று ஒருவர் சொன்னால் உனக்கும் இலை போட்டிருக்கிறது. ‘நாங்கள் சாப்பிடுகிறோம்’ என்றால் நீ வந்த வேலையை முடித்துக்கொண்டு கிளம்பலாம். கேட்பவரையும் சேர்த்துக்கொள்ளும் பன்மையை இலக்கணம் உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ‘வீ’ ஒன்றுதான். சென்ற ஆண்டு ஒரு மாணவி எழுந்து, “அப்போ ஒபாமாவோட ‘எஸ் வீ கேன்’ எது மேடம்? நாமா, நாங்களா?” என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. மணியும் அடித்துவிட்டது. அன்று அவளுக்குச் சொல்லாத பதிலை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

2008 நவம்பர் 5 காலை. ஆய்வு மாணவிகள் விடுதியின் தொலைக்காட்சி முன் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். சிகாகோவில் அப்போது நள்ளிரவை நெருங்கும் நேரம். வெற்றி உரையின் இறுதிப் பகுதியில் பராக் ஒபாமா, அட்லாண்டாவில் வாக்களித்த 106 வயதுக் கறுப்பினப் பெண் ஆன் நிக்சன் கூப்பரைப் பற்றிப் பேசினார். பெண் என்பதாலும் தோலின் நிறத்தாலும் வாக்குரிமை மறுக்கப்பட்ட காலத்தில் பிறந்தவர் அவர். ஒரு நூற்றாண்டு அமெரிக்க வரலாற்றை அந்த மூதாட்டியின் கண் வழியாக உரை கடந்து சென்றது. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் அந்த மூன்று சொற்கள் பல்லவிபோலத் திரும்பி வந்தன. கவிதை எழுதுகிறவள் என்பதால் அந்த உத்தி எனக்குப் புரிந்தது. புரிந்தும் அழுதேன்.

அந்தப் பல்லவிக்கு ஒரு தாய் உண்டு. 1972இல் அரிசோனாவில் பண்ணைத் தொழிலாளர் போராட்டத்தின்போது, இங்கே எதுவும் நடக்காது என்று சொன்னவர்களுக்குப் பதிலாக டொலோரஸ் ஹுவெர்த்தா ஸ்பானிஷ் மொழியில் எழுப்பிய முழக்கம் ‘சீ சே புவேதே’. 2012இல் அவருக்கு அதிபரின் சுதந்திரப் பதக்கத்தை அணிவித்தபோது, அவருடைய முழக்கத்தைத் தான் திருடிவிட்டதாக ஒபாமாவே விளையாட்டாக ஒப்புக்கொண்டார். அந்த ஸ்பானிஷ் வாக்கியத்தில் ‘நாம்’ என்ற சொல் கிடையாது. ‘ஆம், முடியும்’ என்பது மட்டுமே அதன் பொருள். தேர்தல் களத்துக்கு வந்தபோதுதான் அதில் ஒரு ‘வீ’ சேர்ந்தது.

அந்தத் தேர்தலில் வாக்களித்த பெண்களில் 56 சதவீதத்தினர் ஒபாமாவுக்கு வாக்களித்தார்கள். ஆண்களில் அது 49 சதவீதம். வீடு வீடாகக் கதவைத் தட்டியவர்களும், தொலைபேசியில் முகம் தெரியாதவர்களின் வசவைக் கேட்டுக்கொண்டவர்களும், சிறு தொகைகளாக நன்கொடை அனுப்பியவர்களும் அந்த ‘வீ’யைத் தங்கள் காதால் ‘நாம்’ என்றே கேட்டார்கள். அப்படிக் கேட்கக் காரணமும் இருந்தது. 2007 ஜூலையில், கருத்தடை, கருக்கலைப்பு சேவைகளை வழங்கும் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்பின் அரசியல் பிரிவினர் முன்னிலையில், அதிபரானதும் தான் செய்யும் முதல் வேலை தேர்வுச் சுதந்திரச் சட்டத்தில் கையெழுத்திடுவது என்று ஒபாமா வாக்களித்தார். கருக்கலைப்பு உரிமையை நீதிமன்றத் தீர்ப்பின் தயவில் விடாமல் நாடாளுமன்றச் சட்டமாகவே நிலைநிறுத்தும் முயற்சி அது.

முதல் கீறல் பதவியேற்புக்கு முன்பே விழுந்தது. 2008 ஜூலையில், அரசின் ரகசியக் கண்காணிப்புக்குத் துணைபோன தொலைபேசி நிறுவனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளிக்கும் மசோதாவுக்கு செனட்டர் ஒபாமா ஆதரவாக வாக்களித்தார். அதைத் தடுப்பேன் என்று முன்பு சொன்னவர் அவர். அவருடைய பிரச்சாரத்துக்கென்று அமைத்த இணையதளத்திலேயே 20 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதரவாளர்கள் குழுவாகத் திரண்டு அவரை எதிர்த்தார்கள். பதிலும் வந்தது, நயமாக. முடிவு மாறவில்லை.

பதவியேற்ற 2009 ஜனவரியை நியாயமாகச் சொல்லவேண்டும். 23ஆம் தேதி, கருக்கலைப்பு பற்றிப் பேசும் வெளிநாட்டுத் தொண்டு நிறுவனங்களுக்கு அமெரிக்க நிதியை மறுத்த விதியை நீக்கினார். 29ஆம் தேதி அவர் கையெழுத்திட்ட முதல் சட்டம், ஊதியப் பாகுபாட்டுக்கு எதிராக வழக்காடி உச்ச நீதிமன்றத்தில் 5க்கு 4 எனத் தோற்ற டயர் ஆலைப் பணியாளர் லில்லி லெட்பெட்டரின் பெயரைத் தாங்கியது. ஆனால், ஏப்ரல் 29 செய்தியாளர் சந்திப்பில் தேர்வுச் சுதந்திரச் சட்டம் பற்றிக் கேட்டபோது, அது தன்னுடைய முதன்மையான முன்னுரிமை அல்ல என்றார். ‘முதல் வேலை’ பதவியேற்ற நூறாம் நாளில் பட்டியலின் கீழே போய்விட்டது. அந்தச் சட்டம் கடைசிவரை நிறைவேறவே இல்லை.

அதன் பிறகு வந்தது மருத்துவக் காப்பீட்டுச் சட்டம். அரசே நடத்தும் காப்பீட்டுத் திட்டம் ஒன்று அதில் இருக்கும் என்ற நம்பிக்கை, தயங்கிய சில செனட்டர்களின் வாக்குக்காகக் கைவிடப்பட்டது. 2009 நவம்பர் 7 இரவு, பிரதிநிதிகள் சபையில் மசோதா 220க்கு 215 என்று நூலிழையில் நிறைவேறியது. அதற்கு விலையாக, அதே இரவு 240க்கு 194 வாக்குகளில் ஸ்டூபாக் திருத்தம் நிறைவேறியது. அரசு மானியத்தில் காப்பீடு வாங்கும் பெண்ணுக்கு அந்தக் காப்பீட்டில் கருக்கலைப்பு கிடைக்காதபடி செய்த திருத்தம் அது. ஆதரவாக வாக்களித்தவர்களில் 64 பேர் ஒபாமாவின் சொந்தக் கட்சியினர். செனட் அந்தத் திருத்தத்தை மாற்றி எழுதியது. கடைசி வாக்குகளைப் பெறுவதற்காக, கருக்கலைப்புக்கு மத்திய அரசு நிதியைத் தடுக்கும் ஹைட் திருத்தத்தின் கட்டுப்பாடுகள் புதிய காப்பீட்டுச் சந்தைக்கும் பொருந்தும் என்று நிர்வாக ஆணை பிறப்பிக்க அதிபர் சம்மதித்தார்.

இரண்டு கையெழுத்துக் காட்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். 2010 மார்ச் 23, சட்டத்தில் கையெழுத்திட 22 பேனாக்கள். கைதட்டல், கேமராக்கள், வரலாற்றில் இடம்பெற நெருக்கியடித்து நின்றவர்கள். மறுநாள், நிர்வாக ஆணை 13535, செய்தியாளர்களுக்கு அனுமதியில்லை. முதல் கையெழுத்து ஊர் பார்க்க. இரண்டாவது கதவைச் சாத்திக்கொண்டு. அமெரிக்காவின் தேசியப் பெண்கள் அமைப்பு அந்த ஆணையை வெளிப்படையாகக் கண்டித்தது.

இங்கே ஒபாமா தரப்பின் நியாயத்தையும் கேட்கவேண்டும். வாக்கு இல்லாமல் சட்டம் இல்லை. அந்தச் சட்டம் வந்ததால்தான், பெண் என்ற ஒரே காரணத்துக்காகக் காப்பீட்டு நிறுவனங்கள் கூடுதல் கட்டணம் வாங்குவது தடைப்பட்டது. ஏற்கெனவே நோயுற்றிருப்பவர் என்று சொல்லி விரட்டுவது நின்றது. மகப்பேறு மருத்துவம் கட்டாயமாகக் காப்பீட்டுக்குள் வந்தது. இவை சிறிய விஷயங்கள் என்று நான் சொல்லமாட்டேன். அரசியலில் சமரசமே கூடாது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் அந்தச் சட்டம் வராவிட்டாலும் பிழைத்துக்கொள்ளக் கூடியவர்கள்.

ஆனால் ‘சமரசம்’ என்ற சொல்லைச் சற்று நிறுத்திப் பார்க்கலாம். வள்ளலாரிடம் அது எல்லோரையும் சமமாக வைக்கும் சொல். இன்றைய அரசியல் பேச்சில் அது ஒருவர் விட்டுக்கொடுப்பதைக் குறிக்கிறது. இந்தப் பொருளை நமக்கு நாடாளுமன்றம் கற்றுத்தரவில்லை, வீடு கற்றுத்தந்தது. அண்ணனின் படிப்புக்காக அக்காவின் நகை போகிறது. குடும்பம் சிதறக்கூடாது என்பதற்காக, “நீதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்மா” என்று ஒருத்தியிடம் சொல்லப்படுகிறது. குடும்பத்துக்கு நன்மை கிடைக்கவே செய்கிறது, பொய்யில்லை. ஒவ்வொரு முறையும் யாருடைய பெட்டியைத் திறந்து எடுக்கிறார்கள் என்பதுதான் விஷயம். வாஷிங்டனில் பேரம் முடிய வேண்டியபோதும் திறக்கப்பட்ட பெட்டி பெண்ணுடையதாகவே இருந்தது. அதிலும் ஏழைப் பெண்ணுடையது. பணமுள்ளவள் தன் பணத்தில் மருத்துவரிடம் போய்க்கொள்வாள்.

வருத்தப்பட்ட ஆதரவாளர்களுக்குக் கிடைத்த பதிலும் வீட்டுப் பேச்சின் சாயலில்தான் இருந்தது. பொறுத்துக்கொள், பெரியவர்களுக்குத் தெரியும், வெளியே சொல்லி மானத்தை வாங்காதே. சுமார் 1 கோடியே 30 லட்சம் மின்னஞ்சல் முகவரிகள் கொண்ட பிரச்சார அமைப்பு கட்சியின் தேசியக் குழுவுக்குள் வைக்கப்பட்டது. அதிபரின் திட்டத்தை ஆதரித்துத் தொலைபேசியில் பேசுங்கள் என்பதுதான் தொண்டர்களுக்கு வந்த வேலை. திட்டத்தில் என்ன இருக்கவேண்டும் என்று அவர்களை யார் கேட்டார்கள்? தயங்கும் சொந்தக் கட்சி உறுப்பினர்களுக்கு எதிராக விளம்பரம் செய்ய முனைந்த இயக்கத்தினரை வெள்ளை மாளிகைத் தலைமை அதிகாரி ராம் இமானுவேல் தகாத சொல்லால் திட்டியது பின்னர் செய்தியானது. 2010 ஆகஸ்டில் செய்தித் தொடர்பாளர் ராபர்ட் கிப்ஸ், இடதுசாரி விமர்சகர்களுக்குப் போதைப்பொருள் பரிசோதனை செய்யவேண்டும் என்கிற அளவுக்குப் பேசினார். வாக்குகள் போதவில்லை என்று சொன்னவர்கள், அந்த வாக்குகளை மாற்றும் வலுவுள்ள கூட்டத்தையே வாயடைத்தார்கள். அந்த நவம்பரில் ஜனநாயகக் கட்சி பிரதிநிதிகள் சபையில் 63 இடங்களை இழந்தது.

மாணவியின் கேள்விக்கு இத்தோடு பதில் கிடைத்துவிட்டது என்று முடித்துக்கொள்ளலாம்: பிரச்சாரத்தில் ‘நாம்’, ஆட்சியில் ‘நாங்கள்’. ஆனால் அது பாதிப் பதில்தான். மீதி நம்மைப் போன்றவர்களைத் தொடும்.

ஹைட் திருத்தம் ஒபாமா கண்டுபிடித்ததல்ல. 1976 முதல் அது இருக்கிறது. ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் கருக்கலைப்புக்கு மத்திய அரசுப் பணம் செலவிடுவதை அது தடுத்தது. 1977இல் டெக்சாஸின் மெக்காலன் நகரில், ரோசி ஹிமேனஸ் என்ற 27 வயதுத் தாய், கல்லூரி மாணவி, அந்தத் தடையால் சட்டவிரோதக் கருக்கலைப்புக்குப் போய் இறந்தார். கறுப்பின, லத்தீன் அமெரிக்கப் பெண்களின் அமைப்புகள் அந்தத் திருத்தத்தை நீக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருந்தன. 2009 பேச்சுவார்த்தையிலோ, கருக்கலைப்பு உரிமைக்காகப் போராடிய பெரிய அமைப்புகளும் அவர்களுடைய நாடாளுமன்ற நண்பர்களும் ஹைட் இருக்கட்டும், அதற்கு மேல் போகாமலிருந்தால் போதும் என்ற இடத்திலிருந்தே பேச்சைத் தொடங்கினார்கள். அதாவது, தலைவர் சமரசம் செய்யும் முன்பே நடுத்தர வர்க்கப் பெண்ணியம் ஏழைப் பெண்ணின் பங்கை மேசைமேல் வைத்துவிட்டது. ‘நாம் பெண்கள்’ என்ற வாக்கியத்துக்குள்ளும் ஒரு ‘நாங்கள்’ ஒளிந்திருந்தது.

ஆகவே ஏமாற்றத்தில் இரண்டு வகையைப் பிரித்துப் பார்க்கத் தோன்றுகிறது. ஒன்று, பக்தையின் ஏமாற்றம். தெய்வம் சோதித்துவிட்டது என்று அழும், பிறகு வேறு கோயிலுக்குப் போகும், அல்லது இனி கோயிலே வேண்டாம் என்று வீட்டில் உட்காரும். விடுதியில் நான் அழுததில் அதன் சாயல் இருந்ததை இப்போது உணர்கிறேன். இன்னொன்று, பங்காளியின் கோபம். கணக்கைக் காட்டு, என் பங்கு எங்கே என்று கேட்கும், கிடைக்கும்வரை வாசலிலேயே நிற்கும். இந்த இரண்டாவது கோபம் வீண்போகவில்லை. 2016இல் ஜனநாயகக் கட்சி தன் தேர்தல் அறிக்கையில் முதல்முறையாக ஹைட் திருத்தத்தை நீக்கக் கோரியது. நெடுங்காலம் அதை ஆதரித்த ஜோ பைடன், 2019 ஜூனில் பெண்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் அந்த ஆதரவைக் கைவிட்டார். திருத்தம் இன்னும் போகவில்லை. 2022 ஜூன் 24 அன்று, கருக்கலைப்பை உரிமையாக்கிய 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பையே உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது. ‘முதல் வேலை’ என்று வாக்களிக்கப்பட்ட சட்டம் அன்று புத்தகத்தில் இல்லை. இருந்திருந்தால் நிலைத்திருக்குமா என்பது வேறு வழக்கு. அதைக் கேட்டுப் பார்க்கும் வாய்ப்புகூட அமெரிக்கப் பெண்களுக்கு இல்லாமல் போனது.

ஆன் நிக்சன் கூப்பர் 2009 டிசம்பரில், 107 வயதில் இறந்தார். உரைக்கு அவர் தேவைப்பட்டார். உரைகளுக்கு எப்போதும் ஒரு மூதாட்டி தேவைப்படுகிறாள். ஒரு தலைவரின் பேச்சை வாசிக்கும் மாணவிகளிடம், அதில் வரும் பெண்ணை ரசிப்பதோடு நின்றுவிடாமல், பேச்சு முடிந்தபின் அவளைப் போன்றவர்களுக்கு எந்த இடம் கிடைத்தது என்று தேடிப் பார்க்கச் சொல்வேன். அதுவும் இலக்கியத் திறனாய்வுதான்.

என்னிடம் கேள்வி கேட்ட மாணவி இப்போது இரண்டாம் ஆண்டு. வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்த்துவிட்டதாகச் சொன்னாள். மேடையில் ஒருவர் ‘நாம்’ என்று சொல்லும்போது கைதட்டு, தப்பில்லை. பந்தி தொடங்கியதும் உன் இலை எங்கே என்று பார். பிறகு, உனக்குப் பக்கத்தில் இலை இல்லாமல் நிற்பவள் யாரென்றும் பார்.