தோற்றவர்களின் அங்கி

அமெரிக்காவின் ஃபாக்ஸ் தொலைக்காட்சியில் 2002 செப்டம்பரில் தொடங்கிய விண்வெளித் தொடர் ‘ஃபயர்ஃப்ளை’. ஜாஸ் வீடன் உருவாக்கியது. எடுத்தவை 14 பகுதிகள். அந்த ஆண்டு ஒளிபரப்பியவை 11. கதையைத் தொடங்கிவைக்கும் முதல் பகுதியையே கடைசியில், டிசம்பரில் காட்டினார்கள். தலையும் புரியாமல் வாலும் புரியாமல் யார்தான் தொடர்ந்து பார்ப்பார்கள்? தொடர் நின்றுபோனது.

ரசிகர்கள் விடவில்லை. கதையில் போரில் தோற்ற தரப்பினரின் ‘பழுப்பு அங்கி’ப் பெயரையே சூட்டிக்கொண்டு இணையத்தில் கூடினார்கள். 2003இல் வெளிவந்த டிவிடி நன்றாக விற்றது. 2005இல் ‘செரினிட்டி’ என்று திரைப்படமே வந்துவிட்டது. தோற்றவர்கள் பெயர் ராசியாகத்தான் இருந்திருக்கிறது!

ஆனாலும் ஒரு குறையைச் சொல்லியே ஆகவேண்டும். கதைப்படி அமெரிக்கப் பண்பாடும் சீனப் பண்பாடும் கலந்த எதிர்காலம் அது. கோபம் வந்தால் கப்பலில் எல்லோரும் சீனத்தில் திட்டுகிறார்கள். முதன்மை நடிகர்கள் ஒன்பது பேரிலோ ஒரு சீன முகம்கூட இல்லை. மொழியை உள்ளே விட்டு, மனிதரை வாசலில் நிறுத்திவிட்டார்கள். ஊர்விட்டு வந்து, வீட்டுப் பேச்சில் நாலு தமிழ்ச் சொல்லாவது மிஞ்சுமா என்று கவலைப்படும் நமக்கு இது உறுத்தாதா? பேசுகிறவர்கள் இல்லாமல் சொல் மட்டும் இருந்தால் அது வெறும் அலங்காரம்தானே.

தொடரைப் பாருங்கள், ரசியுங்கள். இந்தக் கேள்வியையும் பிள்ளைகளோடு சேர்ந்து கேளுங்கள்.