வேட்பாளரின் பிறப்பும் வாக்காளரின் மனச்சான்றும்

நாட்டுத் தலைமைக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கையில் அவர் பிறந்த இனத்தையும் சாதியையும், அவர் ஆணா பெண்ணா என்பதையும் வாக்காளர் கருத்திற்கொள்ளலாமா? இவ்வினாவுக்கு நம் சபைகளில் இருவகை விடைகள் வழங்கிவருகின்றன. இரண்டும் எளிதாகச் சொல்லப்படுபவை, இரண்டும் போதாதவை. அவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்குப் புதிதாக எழுந்த இடத்தை முதலில் கூறவேண்டும். 2022 ஜூலை 18 ஆம் நாள் நடைபெற்ற குடியரசுத் தலைவர் தேர்தலில், சந்தால் பழங்குடியில் பிறந்த திருமதி திரௌபதி முர்மு, திரு. யஷ்வந்த் சின்ஹாவை வென்று, 25 ஆம் நாள் பதவியேற்றார். அந்நாட்களில் போடிநாயக்கனூர் மலையடிவாரத்தில் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டமொன்றில் பேசச் சென்றிருந்தேன். வந்திருந்தவர்களில் பெரும்பாலோர் விடியுமுன் ஜீப்பில் ஏறி, முந்தலைக் கடந்து, பதினேழு கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டிப் போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்வோர். அவர்களுள் ஒருவர் கூட்ட முடிவில் என்னிடம் கேட்டார்: “அந்தம்மா மலைக்காரங்க; நாங்களும் மலையேறிப் பொழைக்கிறவங்க. அவங்க வந்ததிலே எங்களுக்கு என்ன ஆகும் ஐயா?” கடவுள் பட்சபாதமுள்ளவர் அல்லர் என்று ஏதோ விடை கூறினேன். அவரும் “சரிங்க ஐயா” என்று சொல்லித் தேநீர்க் குவளைகளை எடுத்துவைக்கப் போய்விட்டார். வினா என்னிடம் தங்கிவிட்டது.

அத்தேர்தலில் அப்பெண்மணிக்கு நேரடி வாக்கு இல்லை. அவர் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினருக்கு உண்டு. 1971 ஆம் ஆண்டு மக்கள்தொகையைக் கொண்டு கணக்கிடப்பட்டதால், தமிழகச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்கு மதிப்பு 176. இத்தேர்தலில் கட்சிகள் கொறடா உத்தரவு பிறப்பிக்க இயலாது, வாக்களிப்பும் மறைவானது. ஆகவே வேறெந்தத் தேர்தலைக் காட்டிலும் இதில் மனச்சான்றுக்கு இடம் மிகுதி. அந்த மனச்சான்று எதனைப் பார்க்கவேண்டும்?

1. “பிறப்பைப் பாராதே”

முதல் விடை இது. தகுதியை மட்டும் பார். சாதியையும் பாலையும் பாராதே என்பர். மனிதர் முகத்தைப் பார்க்க, ஆண்டவர் இருதயத்தைப் பார்க்கிறார் என்னும் கருத்துள்ள பகுதியும் (1 சாமு. 16:7), கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர், ஆண், பெண் என்னும் வேற்றுமை இல்லை என்னும் பவுலின் போதனையும் (கலா. 3:28) இதற்கு ஆதாரமாகக் காட்டப்படும்.

முதற்பகுதியைச் சற்று நின்று படிப்போமாக. சாமுவேல் ஏறக்குறையத் தவறியது எங்கே? நெடிதுயர்ந்த மூத்த மகன் எலியாபைக் கண்டவுடன் ‘இவனே’ என்று எண்ணியதில். அவர் பிறப்பைப் பாராமல் இல்லை. தலைமை மூத்தவனுக்கே உரியது என்ற வழக்கத்தின் கண்ணால் பார்த்தார். ஈசாயோ தன் இளைய மகனைப் பலிவிருந்துக்கு அழைக்கவேயில்லை. கதை திரும்புவது, ‘பிள்ளைகள் இவ்வளவுதானா?’ என்று தீர்க்கதரிசி கேட்கும் இடத்தில். இருதயத்தைப் பார்ப்பது என்பது, வரிசையில் நின்றவர்களை மட்டும் எடைபோடுவதன்று. வரிசைக்கே அழைக்கப்படாதவன் யார் என்று கேட்பதுமாகும். இவ்வேதப் பகுதியை, பிறப்பினால் விலக்கப்பட்டவர்களைக் காணாதிருக்க ஆதாரமாக்குவது, அதன் போக்குக்கே மாறானது.

மதுரையிலிருந்து போடிக்குச் செல்லும் வழியில் உசிலம்பட்டி இருக்கிறது. அதற்கு அண்மையிலுள்ள பாப்பாபட்டி, கீரிப்பட்டி ஊராட்சிகளின் தலைவர் பதவி 1996 இல் தலித் மக்களுக்கு ஒதுக்கப்பட்டது. அதன் பின்னர் பத்தாண்டுக் காலம் அங்கு முறையான தேர்தல் நடைபெறவோ, வென்றவர் பதவியில் நிலைக்கவோ இயலவில்லை. 2006 ஆம் ஆண்டிலேயே நிலைமை மாறிற்று. அவ்வூர்களில் ‘தகுதியை மட்டும் பார்’ என்று உபதேசித்திருந்தால் அதன் பொருள் என்னவாயிருந்திருக்கும்? வாக்காளர் பிறப்பைப் பார்க்கத் தொடங்குமுன்பே சமுதாயம் அதனைப் பார்த்துக் கதவடைத்துவிடுகிறது. அடைத்தவர்களைக் கடியாமல், திறக்க முயல்பவர்களை நோக்கி ‘பிறப்பைப் பாராதே’ என்பது நடுநிலை ஆகாது.

2. “நம்மவருக்கே வாக்கு”

இரண்டாம் விடை முதலாவதற்கு நேரெதிரானது. நம் இனத்தவர், நம் சாதியார், நம் மதத்தார், அல்லது பெண்களாயின் ஒரு பெண், வந்தால் நமக்கு நன்மை என்பது. இதில் ஒரு நியாயமான ஏக்கம் உண்டு. ஆயினும் வரலாறு இதனை முழுமையாக ஒப்பவில்லை.

2020 இலும் 2024 இலும் அமெரிக்கத் தேர்தலின்போது, மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரத்தில் திருமதி கமலா ஹாரிசுக்காகக் கோயிலில் வழிபாடு செய்தனர். அது அவருடைய தாய்வழிப் பாட்டனாரின் ஊர். அம்மகிழ்ச்சி இயல்பானது, குறைகூறத்தக்கதன்று. ஆனால் அவர் எதனைச் செய்வார், யாருக்குச் செய்வார் என்ற கேள்விக்கு அம்மகிழ்ச்சியில் இடமில்லை. உறவு கொண்டாடுதல் வேறு, ஒருவரின் ஆட்சியைத் தேர்தல் வேறு. முன்னதற்குக் காரணம் தேவையில்லை, பின்னதற்குத் தேவை.

தோட்டத் தொழிலாளரிடையே ஊழியம் செய்வோர் மறக்கலாகாத சான்று இலங்கையில் இருக்கிறது. 1960 இல் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதல் பெண் பிரதமரானார். 1964 அக்டோபரில் அவரும் இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும், 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது; எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிய முடிவு பின்னுக்குத் தள்ளப்பட்டது. தேயிலை பறித்த பெண்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. கையெழுத்திட்டவர் பெண் என்பது அவர்களுக்கு உதவவில்லை. அவர்கள் வேறு இனத்தவர், வேறு வர்க்கத்தவர்.

போடிநாயக்கனூரின் சொந்த அனுபவமும் கருதத்தக்கது. 1989 ஜனவரியில் அத்தொகுதியில் நின்று வென்று, செல்வி ஜெ. ஜெயலலிதா தமிழகச் சட்டமன்றத்தின் முதல் பெண் எதிர்க்கட்சித் தலைவரானார். அவர் அவ்வட்டாரத்தினர் அல்லர். அங்குப் பெரும்பான்மையாய் வாழும் சாதிகளில் பிறந்தவரும் அல்லர். அதே தேர்தலில் அண்டைத் தொகுதியான ஆண்டிப்பட்டியில், முன்னாள் முதலமைச்சர் திருமதி ஜானகி இராமச்சந்திரன் தோல்வியுற்றார். அடுத்தடுத்த இரு தொகுதிகளில் இரு பெண்கள் நின்றபோதும் வாக்காளர் பெண்மையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று கூறுவதற்கில்லை. மறைந்த ஒரு தலைவரின் உண்மையான வாரிசு யார் என்பதையே தீர்மானித்தார்கள் எனலாம். சாதியைக் கடந்து ஒரு பெண்ணுக்கு வாக்களித்த போடி வட்டாரம், அதே ஆண்டில் கொடிய சாதிக் கலவரத்தையும் கண்டது. அதன் பின்னர் 2021 வரை நடந்த பொதுத் தேர்தல்களில் வேறொரு பெண்ணை அத்தொகுதி சட்டமன்றத்துக்கு அனுப்பவில்லை. ஒருவர் நுழைந்ததனாலேயே வாசல் எல்லாருக்கும் திறந்துவிடுவதில்லை.

3. எருசலேம் சபையின் தேர்வு

இவ்விரு விடைகளுக்கும் அப்பால் வழியுண்டா? அப்போஸ்தலர் நடபடிகள் 6:1-6 நமக்கு உதவுகிறது. அன்றாடப் பகிர்வில் கிரேக்க மொழி பேசிய விதவைகள் புறக்கணிக்கப்பட்டனர், முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் கூறிய தகுதிகள் மூன்று: நற்சாட்சி, பரிசுத்த ஆவியின் நிறைவு, ஞானம். பிறப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் சபையார் தேர்ந்தெடுத்த ஸ்தேவான் முதல் நிக்கொலா ஈறாக எழுவரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். கிரேக்கப் பெயர் உடையவரெல்லாம் கிரேக்க மொழியினர் என்று சொல்லிவிட முடியாது. பன்னிருவரிலும் அந்திரேயாவும் பிலிப்பும் இருந்தனர். ஆயினும் எழுவருக்கும் அவ்வாறே அமைந்ததைத் தற்செயல் என்று ஒதுக்குவது கடினம்.

இதிலிருந்து நாம் பெறும் நெறி யாது? தகுதியைக் கைவிடவில்லை, அதே வேளையில், யாருடைய பந்தி மறக்கப்பட்டதோ அவர்கள் நடுவிலிருந்தே தகுதியுடையோரைத் தேடினார்கள். பிறப்பு தகுதியன்று. ஆனால் தகுதியுடையோரை எங்கே தேடாமல் விட்டோம் என்பதை அது காட்டுகிறது. ‘இவர் நம்மவரா?’ என்பதன்று கேள்வி. ‘இவரைப் போன்றோர் இதுவரை ஏன் இங்கு இல்லை?’ என்பதே. முந்தியது தன்னலத்திலும் பிந்தியது நீதியிலும் பிறப்பது. இக்கதைக்கும் ஒரு குறையுண்டு என்பதை ஒப்புக்கொள்ளவேண்டும். புறக்கணிக்கப்பட்டோர் பெண்கள், தேர்ந்தெடுக்கப்பட்டோர் எழுவரும் ஆண்கள். தொடக்கச் சபை மொழி வேற்றுமையைக் கண்டது. பால் வேற்றுமையை அன்று காணவில்லை.

4. அடையாளமும் அதிகாரமும்

இந்நெறியைக் குடியரசுத் தலைவர் பதவிக்குப் பொருத்திப் பார்ப்போம். 1997 இல் திரு. கே. ஆர். நாராயணன் அப்பதவிக்கு வந்த முதல் தலித். 2007 இல் திருமதி பிரதிபா பாட்டீல் முதல் பெண். 2012 இல், பழங்குடியினர் ஒருவர் அப்பதவிக்கு வரவேண்டும் என்று முழங்கிப் போட்டியிட்ட, மேகாலயக் கிறிஸ்தவரான திரு. பி. ஏ. சங்மா தோற்றார். 2017 இல் திரு. ராம்நாத் கோவிந்த், திருமதி மீரா குமார் ஆகிய இரு வேட்பாளரும் தலித் மக்கள். இக்கடைசித் தேர்தல் சிந்தனைக்குரியது. இருவர் பிறப்பும் ஒன்றாயிருக்கையில் பிறப்பு முடிவைத் தராது. அவர்கள் செய்ததும் செய்யக்கூடியதுமே எஞ்சுகின்றன. அவற்றை மற்றத் தேர்தல்களிலும் நாம் கேட்டிருக்கவேண்டுமல்லவா?

நம் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயற்படுபவர். அமெரிக்கத் தலைவரோ தாமே ஆட்சியை நடத்துபவர். நாட்டின் முகமாக விளங்கும் பதவியில், அம்முகம் யாருடையது என்பதற்கு மிகுந்த பொருளுண்டு. எனவே அங்குப் பிறப்புக்குச் சற்றுக் கூடுதல் எடை தருவதில் தவறில்லை. ஆனால் அங்கேயே ஆபத்தும் இருக்கிறது. அதிகாரம் குறைந்த உயர்ந்த இருக்கையை ஒடுக்கப்பட்டோருக்கு அளித்து, அதிகாரம் நிறைந்த இருக்கைகளை வழக்கமானவர்களே வைத்துக்கொள்ளும் ஏற்பாடாக அது முடியக்கூடும். அடையாளத்தைப் பெற்றவர்கள் நிலத்தையும் கூலியையும் கேளாதிருக்கும்படி அடையாளமே வாயடைக்கவும் கூடும்.

ஆகையால் பதவியிலிருந்தபோது செய்த செயலைக் கேட்கவேண்டும். திரு. நாராயணன் 1997 இல் உத்தரப் பிரதேச அரசைக் கலைக்கும் அமைச்சரவைப் பரிந்துரையை மறுஆய்வுக்குத் திருப்பி அனுப்பினார். திருமதி முர்மு ஜார்க்கண்ட் ஆளுநராயிருந்தபோது, பழங்குடியினரின் நிலவுரிமையைக் காக்கும் சட்டங்களைத் திருத்த அம்மாநில அரசு கொண்டுவந்த மசோதாக்களை 2017 இல் திருப்பி அனுப்பினார். அவரை ஆதரித்தோரும் எதிர்த்தோரும் அவருடைய பிறப்பைப் பற்றிப் பேசிய அளவுக்கு இச்செயலைப் பற்றிப் பேசவில்லை என்பதே என் குறை. வாக்காளர் எடைபோடத்தக்கது அங்கேயே இருந்தது.

5. நம் வீட்டு வரிசை

நாட்டைப் பற்றிப் பேசும் நாம் சபையைப் பற்றியும் பேசவேண்டும். இதில் என் குற்றத்தை அறிக்கையிடாமல் எழுதுவது நேர்மையாகாது. பல ஆண்டுகளுக்கு முன் மலைச்சரிவிலுள்ள ஒரு சபையில் நான் போதகராயிருந்தபோது, குருசேகரக் கமிட்டித் தேர்தலுக்கு ஏலத்தோட்டத்தில் காயெடுக்கும் ஒரு சகோதரியின் பெயரைச் சிலர் முன்மொழிந்தனர். “ஆண், பெண் என்று பார்க்கவேண்டாம், தகுதியைப் பார்ப்போம்” என்று நான் கூறினேன். சபையார் தலையசைத்தனர். மாலைக் கூட்டங்களுக்கு நேரத்தோடு வரக்கூடியவர், கணக்கு எழுதத் தெரிந்தவர், மாவட்ட அலுவலகத்தில் பேசக்கூடியவர் என்று தகுதிகளை அடுக்கினோம். இருட்டிய பிறகே ஜீப்பில் வந்து இறங்கும் பெண் ஒருவர் அப்பட்டியலுக்குள் எவ்வாறு வருவார்? தேர்ந்தெடுக்கப்பட்டோர் அனைவரும் ஆண்கள். நிலமுள்ள இரு குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். நான் பிறப்பைப் பாராதிருந்ததாக நெடுநாள் எண்ணியிருந்தேன். உண்மையில், தகுதி என்ற சொல்லுக்குள் பிறப்பை நானே ஒளித்துவைத்திருந்தேன்.

அதே மலைத்தொடரில், மூணாற்றில், 2015 செப்டம்பரில் தமிழ்த் தேயிலைத் தொழிலாளப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்னும் பெயரில் கூடி, ஆண்கள் தலைமை தாங்கிய தொழிற்சங்கங்களை விலக்கித் தாங்களே போராடினர். அவ்வாண்டே உள்ளாட்சித் தேர்தலில் நின்று சில இடங்களை வென்றனர். கூட்டத்துக்கு வர நேரமில்லாதவர்கள் என்று நாம் கருதியவர்கள் அவர்களே. தென்னிந்தியத் திருச்சபை 2013 இல் நந்தியால் பேராயத்துக்குத் திருமதி புஷ்ப லலிதாவைத் தன் முதல் பெண் பேராயராக அருட்பொழிவு செய்தது. அதனைப் பெருமையோடு குறிப்பிடும் நாம், அச்செயல் நம் சபைக் கமிட்டிகளின் பட்டியலை எவ்வளவு மாற்றிற்று என்றும் கேட்கவேண்டும்.

போதகர் பிரசங்க பீடத்திலிருந்து வேட்பாளரின் பெயரைச் சொல்லலாகாது என்பது என் உறுதியான எண்ணம். ஆனால் வாக்காளர் கேட்கவேண்டிய வினாக்களைக் கற்பிக்கலாம்; கற்பிக்கவேண்டும். இப்பதவி இதுவரை யாருக்கு மூடப்பட்டிருந்தது? அம்மக்கள் நடுவிலிருந்து வரும் தகுதியுடையோரை நான் உண்மையாகவே தேடினேனா? வேட்பாளர், கையில் அதிகாரம் இருந்தபோது, தம்மைப் போன்று விலக்கப்பட்டவர்களுக்கு யாது செய்தார்? முதலிரண்டு வினாக்களில் பிறப்புக்கு இடமுண்டு, மூன்றாவதில் இல்லை. மூன்றாவதைக் கேளாமல் முதலிரண்டோடு நிற்பவர் ஏமாறுவார். முதலிரண்டையும் கேளாமல் மூன்றாவதற்குச் செல்பவர், ஈசாயின் வீட்டில் அழைக்கப்பட்டவர்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பார்.

போடியில் அச்சகோதரி கேட்ட வினாவுக்கு இன்று விடை கூறுவதானால் இவ்வாறு கூறுவேன்: “அவங்க வந்ததனாலே உங்க கூலி கூடாது அம்மா. ஆனா உங்களைப் போல ஒருத்தர் அங்கே உட்காரலாம்னு இனி யாரும் மறுத்துச் சொல்ல முடியாது. அந்தப் பேச்சை நம்ம சபையிலிருந்தே தொடங்குவோம். அடுத்த கமிட்டிக் கூட்டத்தை நீங்க வந்து சேருகிற நேரத்துக்கு வைப்போம்.” நம் மாணாக்கர் கல்லூரியை விட்டுச் சபைக்குச் செல்லும்போது இந்தக் கடைசி வாக்கியத்தையாவது நிறைவேற்றுவார்களாக.