'ட்ல்' போட்டால் ஆஸ்டெக் ஆகுமா?

இடையமெரிக்கச் சாயலில் ஒரு கற்பனை மொழி வேண்டுமா? பெயர்களின் கடைசியில் 'ட்ல்' சேர், நடுவே இரண்டு 'ட்ஸ்' தூவு. நாடு, கோயில், அரசன் எல்லாம் தயார். விளையாட்டுகளுக்கும் மிகுபுனைவுக் கதைகளுக்கும் மொழி செய்கிறவர்களிடம் இந்த வழக்கம் வேரூன்றிவிட்டது. கேட்டால், காதுக்கு ஆஸ்டெக் மாதிரி இருந்தால் போதாதா, இதென்ன இலக்கணத் தேர்வா என்கிறார்கள்.

ஒலிக்கு ஒரு கவர்ச்சி உண்டு, மறுக்கவில்லை. எம். ஏ. ஆர். பார்க்கரின் சோல்யானி அதற்குச் சாட்சி. 1975இல் வந்த 'எம்பயர் ஆஃப் த பெட்டல் த்ரோன்' விளையாட்டின் உலகத்துக்குரிய மொழி அது. 'ட்ல்' அதில் ஆஸ்டெக்குகளின் மொழியான நாவாட்லின் கொடை. கோட்டைச் சாலைக்கு அவர் வைத்த 'சாக்பே' என்ற பெயர் யுகடான் மாயர்களுடையது. ஆனால் பார்க்கர் உருதுவையும் பஷ்தோவையும் சேர்த்தே குழைத்தார். கலவையில் ஒலியை மட்டும் எடுத்துக்கொள்வது குற்றமில்லை. அசல் இடையமெரிக்க அச்சு என்று சொல்லிக்கொண்டு வருபவற்றோடுதான் என் வழக்கு.

முதலில், 'ட்ல்' அந்த நிலப்பகுதி முழுமைக்கும் உரிய ஒலியே அல்ல. நாவாட்லில் பழைய 'ட்' ஒலி அகரத்துக்கு முன் திரிந்து பிறந்தது அது. எல் சால்வடோரில் பேசும் கிளையில் அந்தத் திரிபு இல்லை, மொழியின் பெயரே 'நாவாத்'. மாயா மொழிகளில் 'ட்ல்' கிடையாது. அங்கே குரல்வளையை மூடி வெடிக்கும் மெய்கள். அதே பகுதியின் இன்னொரு மொழியான மிஷ்டெக்கில் தொனி மாறினால் பொருள் மாறும். மொழியியலாளர்கள் காம்பெல், காஃப்மன், ஸ்மித்-ஸ்டார்க் மூவரும் 1986இல் இப்பகுதியின் பொது அடையாளங்களாகத் தேர்ந்தவை ஐந்து. அவற்றில் ஒன்றுகூட ஒலி சார்ந்தது இல்லை.

சரி, நாவாட்லை மட்டுமே பின்பற்றுகிறோம் என்பார்களானால் நிலைமை இன்னும் மோசம். பெயரின் கடைசியில் வரும் அந்த 'ட்ல்' ஒரு விகுதி. 'க்வீகட்ல்' என்றால் பாட்டு. 'என் பாட்டு' என்றதும் அது 'நோக்வீக்'. விகுதி உதிர்ந்துவிட்டது. நம் கற்பனைமொழி வினைஞர்களோ அதைப் பெயரோடு பசை போட்டு ஒட்டி, யாருடைய பாட்டானாலும் கழற்றுவதில்லை. 'அந்த மனிதனுடைய பாட்டு' என்பதை நாவாட்ல் 'அவன்பாட்டு அந்த மனிதன்' என்றுதான் கட்டும். உடைமைக் குறி ஏறுவது உடையவன்மேல் அல்ல, பொருள்மேல். இந்த ஒரு விதியைக் கற்றிருந்தால் அவர்களுடைய வாக்கியங்களில் பாதி வேறு உருவம் கொண்டிருக்கும். கற்கவில்லை. அகராதியில் சொல்லை மாற்றியிருக்கிறார்கள், வாக்கியம் ஆங்கிலமாகவே நடக்கிறது.

விகுதியோடும் உடைமையோடும் இது முடிவதில்லை. மிஷ்டெக்கில் மேசைக்கு அடியில் என்பதை 'வயிறு மேசை' என்பார்கள். உடலுறுப்புகளே இடம் சுட்டும். கதவை 'வீட்டின் வாய்' என்பது அந்தப் பகுதியில் பல மொழிகளுக்குப் பொது. ('இல்வாய்' முன்பின் மாறி 'வாயில்' ஆனதை இலக்கணப்போலி என்று பள்ளியில் படித்த நமக்கு இது அவ்வளவு தூரத்து விஷயமில்லை.) எண்ணுவதோ இருபது இருபதாக. நாவாட்லில் 400க்கு மயிர் என்ற சொல், 8000க்குப் பை என்ற சொல். ஒரு மொழிக்கு உலகம் எப்படித் தெரிகிறது என்பதே இதில் இருக்கிறது; புனைகதைக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? இவர்கள் செய்த பேரரசிலோ அரசன் பெயர் தவறாமல் 'ட்ல்' என்று முடிகிறது, அவன் கருவூலக் கணக்கன் பத்துப் பத்தாக எண்ணிக்கொண்டிருக்கிறான்.