கட்டக முறை உயிரி உணரியும் சேத்தியாத்தோப்பு ஏரிநீரும்: ஒரு மதிப்பீடு

நெய்வேலிச் சுரங்கங்களிலிருந்து இறைக்கப்படும் நீர், சேத்தியாத்தோப்புக்கு அருகிலுள்ள வாலாஜா ஏரியை அடைந்து பாசனத்துக்குப் பயன்படுகிறது. பழுப்பு நிலக்கரியில் இயல்பாகவே சிறிதளவு பாதரசம் உண்டு. அதனை எரிக்கையில் ஒரு பகுதி புகையோடும் ஒரு பகுதி சாம்பலோடும் வெளியேறும். ஆகவே அந்நீரில் பாதரசம் உள்ளதா என உழவர் கேட்பது நியாயமே. அதற்கு விடைகூற ஒளிரும் பாக்டீரியா போதுமா என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

செலிஃபோனோவா, பர்லேஜ், பார்க்கே ஆகியோர் 1993இல் வெளியிட்ட வடிவமைப்பு இத்துறையில் முன்னோடியானது. பாதரச அயனியை உணரும் மரபணுப் பகுதியை, விப்ரியோ ஃபிஷெரி என்னும் கடல் பாக்டீரியாவின் ஒளியுமிழ் மரபணுக்களோடு அவர்கள் இணைத்தனர். பாதரசம் உணரிப் புரதத்தோடு பிணைந்ததும் ஒளி பிறக்கும். உணரும் கட்டகத்தை மாற்றினால் ஆர்செனிக்கையும் அறியலாம். இவ்வசதியை மறுப்பதற்கில்லை.

எனினும், செங்கல்லைப் போலக் கழற்றிப் பொருத்தலாம் என்னும் உவமை ஒளியுமிழ் கட்டகத்துக்குப் பொருந்துவதில்லை. விப்ரியோ ஃபிஷெரியின் லூசிஃபெரேஸ் நொதி 30 பாகை செல்சியசுக்கு மேல் நிலைகுலையும். கத்திரி வெயிலில் ஏரிக்கரையில் சோதனை செய்வோர்க்கு இது சிறு குறையன்று. ஃபோட்டோராப்டஸ் லூமினெசென்ஸ் என்னும் பாக்டீரியாவின் நொதியோ ஏறத்தாழ 45 பாகை வரை தாங்கும். இவ்வூருக்கு அதுவே ஏற்றது. ஆயினும் எந்த நொதிக்கும் ஆக்சிஜனும் உயிரணுவின் ஆற்றலும் வேண்டும்.

இங்குதான் பெருஞ்சிக்கல் எழுகிறது. குழாய் இருண்டிருந்தால் பாதரசம் இல்லை என்றும் கொள்ளலாம். நச்சு மிகுந்து பாக்டீரியா மடிந்தது என்றும் கொள்ளலாம். நீர் மிகவும் கெட்டிருக்கும் நாளிலேயே கருவி நற்சான்று வழங்கிவிடக்கூடும். எப்போதும் ஒளிரும் மற்றொரு பாக்டீரியாவை அதே நீரில் தனிக்குழாயில் வைத்து ஒப்பிடாத வடிவமைப்பை முழுமையானதாக ஏற்க இயலாது. அவ்வொப்பீட்டை விருப்பத்துக்கு விடுவது தவறு.

மேலும், உயிரணுவுக்குள் புகக்கூடிய பாதரசத்தை மட்டுமே இவ்வுணரி காட்டும். இந்தியக் குடிநீர்த் தரநிலையின் வரம்போ (லிட்டருக்கு 0.001 மில்லிகிராம்) மொத்தப் பாதரசத்துக்குரியது. வண்டலிலும் கரிமப் பொருளிலும் கட்டுண்ட பகுதி ஒளியில் தெரியாது. இரு எண்களையும் ஒரே அட்டவணையில் ஒப்பிட்டு ஏரிநீரைத் தூயதென்று அறிவிப்பது முறையன்று. ஐயத்துக்குரிய மாதிரிகளைத் தேர்ந்து ஆய்வகத்துக்கு அனுப்பும் முதற்சல்லடையாகவே இவ்வுணரியைக் கொள்ளவேண்டும்.